ஒரு பசுவும் இரண்டு பாட்டன்களும்

அன்புள்ள கோபக்காரிக்கு,

உன் அப்பா வீட்டு விருந்துகளில் இருபது வருடமாக நான் அளந்தது பொய். "எங்க பாட்டன் சுதந்திரப் போருக்குப் போனாரு, உங்க பாட்டன் மாடு மேய்ச்சாரு" என்றதற்குத்தானே போன வாரம் பெட்டியைத் தூக்கினாய்?

நேற்று வெர்மான்ட் போய் அமெரிக்கச் சுதந்திரப் போர்க்கால ஊர்ப்படைப் பதிவேட்டைப் பார்த்தேன். எங்கள் பாட்டன் ஒரு பசுவைக் கொடுத்துத் தனக்குப் பதிலாக வேறோர் ஆளை அனுப்பியிருக்கிறார்.

"போனவரு டோபியாஸ் கிரிட்லி. உன் பொண்டாட்டி வீட்டுப் பேராச்சே, தம்பி" என்று சிரித்தாள் பதிவேட்டைக் காட்டிய வெர்னா.

எங்கள் பாட்டன் கல்லறையில் போர்வீரர் என்று வருடாவருடம் நான் நட்ட தேசியக் கொடியைப் பிடுங்கினேன். முட்புதருக்குள் உன் பாட்டன் கல்லறையைத் தேடிப்பிடித்து, அங்கே நட்டு, மன்னிப்பும் கேட்டேன். வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
கோழை வம்சத்தான்

பி.கு.: பதிவேட்டில் இன்னொரு வரி: டோபியாஸ் மூன்றாம் நாளே படையை விட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாராம், அந்தப் பசுவைக் கறக்க ஆளில்லையென்று.