எந்த எண்ணெய் விடுறீங்க?

என் மேசை இழுப்பறையில் போன வாரத்திலிருந்து ஒரு சின்னப் பாட்டில் கிடக்கிறது. குழந்தைகளுக்கு எழுதிக்கொடுக்கும் வைட்டமின் சொட்டு மருந்து வந்த பாட்டில்தான். மருந்து தீர்ந்ததும் கழுவிக் காயவைத்து, அதில் விளக்கெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் இழுப்பறையைத் திறந்தால் வாசனை வந்துவிடுகிறது. பேனா எடுக்கப் போகிறேன், உன் நினைப்பில் வந்து நிற்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வழியில்லை என்று தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் கோயமுத்தூரில் குழந்தை மருத்துவம் படித்த நாட்களிலிருந்து தொடங்குகிறேன். எந்த ஊசிக்கும் மசியாத சளியோடு வார்டுக்கு வரும் கைக்குழந்தைகளை உனக்கு மறந்திருக்காது. பாதிப் பேருக்கு நுரையீரலில் எண்ணெய் இருக்கும். குளிப்பாட்டியதும் சளி இறங்கட்டும் என்று மூக்கில் எண்ணெய் சொட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. தண்ணீர் என்றால் குழந்தை புரையேறி இருமித் துப்பிவிடும். எண்ணெய் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். ஆனால் "மூக்குல எண்ணெய் உடுவீங்களா?" என்று நாங்கள் கேட்டால், "அதெல்லாம் இல்லீங்க டாக்டரம்மா" என்று எல்லா அம்மாக்களும் ஒரே குரலில் சொல்வார்கள். திட்டு விழும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீ அப்படிக் கேட்கமாட்டாய். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, புடவைக் கடை விஷயம் பேசுவது மாதிரி, "எந்த எண்ணெய்ங்க உடுறீங்க, தேங்காயெண்ணெயா வெளக்கெண்ணெயா?" என்பாய். "வெளக்கெண்ணெதானுங்க. தண்ணி வாத்துப்போட்டு ரண்டு சொட்டு" என்று பதில் வந்துவிடும். துப்பறியும் டாக்டர் என்று உன்னைக் கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. "உடுவீங்களான்னு கேட்டா அது போலீஸ் கேக்கறதாட்ட இருக்குது அம்மணி. எந்த எண்ணெய்னு கேளு. நம்ம ஊட்டுலயும் இதான் நடக்குதுன்னு நெனச்சுக்குவாங்க" என்றாய். கொஞ்ச நாளில் ரவுண்ட்ஸ் வரும் சீஃப் கூட அப்படித்தான் கேட்டார்.

நம்ம ஊட்டுலயும் என்று நீ சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாய். நானும் அப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

உனக்குப் பாப்பா பிறந்தது படிப்பின் நடுவில். லீவு முடிந்ததும் பாப்பாவை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு டியூட்டிக்கு வந்தாய். அம்மா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பால் பாட்டிலைக் கொதிக்கவைப்பதில் நம் நர்சுகளுக்கே பாடம் எடுப்பார். நீ வீட்டுக்குப் போனால் குளித்துவிட்டு வந்துதான் குழந்தையைத் தொடவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அந்த வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க யாருக்குத் தோன்றும்? பாப்பாவுக்கு இருமல் வந்து மூச்சு வாங்கத் தொடங்கியபோது, "வார்டுல இருந்து நாந்தான் கொண்டாந்துட்டேன்" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

எக்ஸ்ரேயை நான்தான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நீ என் தோளுக்குப் பின்னால் நின்றாய். நாம் எத்தனையோ தடவை பார்த்த அதே படம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவிடம் போனேன். நீயும் கூடவே வந்தாய். "எந்த எண்ணெய்ங்கம்மா உடுறீங்க?" என்று கேட்டேன்.

"வெளக்கெண்ணெ கண்ணு. கடையில வாங்கறதில்ல, செக்குல ஆட்டுனது. இவளயும் இப்படித்தான் வளத்துனேன்" என்றார். சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. அடுத்து நான் வாயைத் திறப்பதற்குள் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். வலிக்கிற பிடி. நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

பாப்பா பிழைக்கவில்லை. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது. உனக்குத் தெரியாததும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்துப் போன பிறகு உன் அம்மா உன்னிடம் கேட்டார், "என்ன நோவு கண்ணு அது?" நீ நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "கிருமிம்மா. ஆஸ்பத்திரிக் கிருமி. எங்கூட வந்துருச்சு."

நீ மறுபடி டியூட்டிக்கு வந்ததும் உன்னிடம் சண்டை போட்டேன். ஊரான் வீட்டு அம்மாக்களிடம் எல்லாம் உண்மையைச் சொல்கிறோம், உன் அம்மாவிடம் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். "தெரிஞ்சா அவங்க எப்படி உசுரோட இருப்பாங்க?" என்றாய். அப்படியென்றால் நீ எப்படி இருப்பாய் என்றேன். "நான் டாக்டரு. எனக்குப் பழக்கம்" என்றாய். அப்போதும் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. இப்போதும் கோபம்தான்.

அதற்குப் பிறகு நீ குழந்தைகளின் நுரையீரலை மட்டுமே படித்தாய். வெளியூர் போய் அந்தச் சிறப்புப் பயிற்சியை முடித்துவிட்டு இங்கேயே திரும்பி வந்தாய். உன் ஆராய்ச்சி எல்லாம் எண்ணெய் பற்றித்தான். பல்லடம், சென்னிமலை என்று ஊர் ஊராகப் போய், கைக்குழந்தையோடு வரும் பெண்களிடம் பேசினாய். மாநாடுகளில் நீ படித்த கட்டுரையில் ஒரு குழந்தை மட்டும் இல்லை என்பது அந்த அரங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் பேச அழைத்தபோது மட்டும் வேலை இருக்கிறது என்று என்னை அனுப்பினாய். முன்வரிசையில் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் தடுப்பூசி பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன்.

கடைசியில் உனக்குப் புற்றுநோய் வந்து படுத்தபோது, அம்மா ஸ்பூனால் கஞ்சி ஊட்டுவார். நீங்கள் இருவரும் மழை, தண்ணீர், தம்பி கல்யாணம் என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். பாப்பாவின் பெயரை இருவரில் ஒருவரும் எடுத்து நான் கேட்டதில்லை.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். உன் தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான். பிரசவம் மருமகளின் ஊரான அந்தியூரில். போன மாதம்தான் இங்கே கூட்டிவந்தார்கள். போன வாரம் உன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு என் ஓபிக்குத் தனியாக வந்தார். குழந்தைக்கு இருமல். உச்சந்தலையில் எண்ணெய் மின்னியது. உன் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். கேட்டால் உன் பொய் உடைந்துவிடும். ஸ்டெதாஸ்கோப்பை வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவரே பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "மருமக ஊட்டுல குடுத்துவுட்டது. மூக்குல உடறா. வேண்டாம்னேன். ஏனுங்கத்தேன்னு கேட்டா. எனக்கு வாய் வரல. நீ சொல்லிப்போடு கண்ணு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு பெஞ்சுகிட்ட வந்து நீ எண்ணெயக் கேட்டயில்ல. அப்ப அவ உங் கையப் புடிச்சா. அதைப் பாத்தேன் நானு. அப்பவே வெளங்கிப்போச்சு."

"அவகிட்ட ஏனுங்கம்மா கேக்கல?" என்றேன்.

"கல்லறைத் தோட்டத்துல கேட்டேன், எனக்கோசரம் அவ ஒரு பொய்யச் சொல்லிப்போட்டா. மறுக்கா கேட்டா அதுவும் அவளுக்கு இல்லாமப் போயிரும். சரி, கிருமின்னே இருக்கட்டும்னு உட்டுட்டேன்." சேலைத் தலைப்பால் குழந்தையின் மூக்கைத் துடைத்தார். "ஒரு நாளு சொல்லியிருக்கலாம் கண்ணு. ரண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுதிருக்கலாம்."

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. நீ யாரிடமிருந்து அதை மறைத்தாயோ அவருக்கு முதல் நாளே தெரியும். உன்னைக் காப்பாற்ற அவரும், அவரைக் காப்பாற்ற நீயும், ஒரே வீட்டில் அத்தனை வருஷம். என்னாலும் எதுவும் செய்ய முடியவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

பையன் பிழைத்துக்கொள்வான். படத்தில் லேசான நிழல்தான் இருக்கிறது. மருமகளைக் கூப்பிட்டு நானே பேசினேன். அவளுக்கு உன் பாப்பாவைப் பற்றிச் சொன்னது உன் அம்மா. நான் பக்கத்தில் இருந்தேன்.

உன் கேள்வியை இன்றும் தினமும் கேட்கிறேன். காலையில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். விளக்கெண்ணெய் என்றாள். அவள் குழந்தையின் படம் மோசமாக இருந்தது. முன்பெல்லாம் எண்ணெய்தான் காரணம் என்று நின்றபடியே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீ பிடித்த அதே கை. அழுது முடிக்கும்வரை எடுக்காமல் வைத்திருந்தேன்.