டோரிஸுக்குச் சிங்கப்பூரில் இடம்

பிரிக்பீல்ட்ஸ்,
14-5-1936

என் அன்புக்குரிய கணவருக்கு மகதலேனா வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் இங்கே நானும் டோரிஸும் சுகம். குவா மூசாங்கில் உங்களுக்கு விட்டு விட்டு வந்துகொண்டிருந்த காய்ச்சல் நின்றதா? கொயினா மாத்திரை கசக்கிறதென்று நிறுத்திவிடாதீர்கள். தற்காலிக மாற்றல் என்று சொல்லி எட்டு மாதம் ஆயிற்று. பாயிண்ட்ஸ்மேன் வேலைக்கு ரயில்வேயில் அந்தக் காட்டுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதோடு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

மார்ச்சில் டோரிஸ் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியதும் மேற்படிப்புக்கு உங்களிடம் உத்தரவு கேட்டேன். படித்தது போதும், காஜாங் டொமினிக் வீட்டுச் சம்பந்தத்தைப் பேசி முடி என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். படித்து, மடித்துத் திருப்பித் தந்தாள். அழவில்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் அவள் பேச்சே குறைந்துவிட்டது.

அந்த வாரம்தான் ரயில் கார்டு நாகையா அண்ணனுடைய மகள் புஷ்பவல்லி சிங்கப்பூர் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். போன வருஷம் விண்ணப்பம் போடும்போது விவரம் கேட்க ஒருவரும் இல்லாமல் தவித்தாளாம். அதனால் அவளும், உடன் படிக்கும் கிள்ளான் பையன் ஜெயராஜும் சேர்ந்து, இந்த வருஷம் தேறிய பிள்ளைகள் ஐந்து பேரை நாகையா அண்ணன் வீட்டில் கூட்டிவைத்து, ஃபாரம் நிரப்புவது முதல் இன்டர்வியூவில் துரைமுன் உட்காருவது வரை சொல்லிக் கொடுத்தார்கள். ஜெயராஜ் கார்டு தொப்பியை மாட்டிக்கொண்டு துரையாக உட்காருவான். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி உள்ளே போகவேண்டும். சின்னையா மகன் வேலாயுதம் பதற்றத்தில் அவனுக்கு ‘குட் மார்னிங் மேடம்’ சொல்லிவிட்டான். சிரித்த சிரிப்பில் துரையின் தொப்பியே கீழே விழுந்துவிட்டது.

டோரிஸை அங்கே அனுப்பியது நான்தான்.

ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுதவேண்டுமாம். இவள் புத்தகத்தில் வருகிற மாதிரி ஏதோ அலங்காரமாய் எழுதிக்கொண்டு போனாள். புஷ்பவல்லி படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நீ எங்க இருக்கே?” என்று கேட்டாளாம். மூன்று தடவை திருப்பிக் கொடுத்தாள். தானாக ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. நான்காவது தடவைதான் டோரிஸ், நம் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பதையும், டீச்சராகவேண்டும் என்ற ஆசையையும் எழுதினாள்.

ஃபாரத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. உங்கள் பெயரை டோரிஸே போட்டுவிடட்டும் என்று என் வாயால் சொல்லிவிட்டேன். புஷ்பவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. “பொய்யில ஆரம்பிக்க வேணாம் அத்தை. அம்மா கையெழுத்தும் செல்லும், நீங்களே போடுங்க” என்றாள். தமிழில் என் பெயரை எழுதினேன். நீங்கள் வேண்டாம் என்ற ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை.

சென்ற வாரம் கல்லூரித் துரை கோலாலம்பூருக்கே வந்து இன்டர்வியூ வைத்தார். தகப்பனாருக்கு என்ன வேலை என்று கேட்டாராம். பாயிண்ட்ஸ்மேன் என்றாளாம். அவர் என்ன செய்வார் என்று அடுத்த கேள்வி. இவள் ஒரு காகிதம் கேட்டு வாங்கி, தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை வரைந்து, நீங்கள் எப்படி லீவரை இழுப்பீர்கள், ஒரு விரற்கடை இடைவெளி நின்றாலும் வண்டி எப்படித் தடம் புரளும் என்று விளக்கினாளாம். நீங்கள் இங்கே யார்டில் இருந்த காலத்தில் சோறு கொண்டுவந்தவள் சும்மா வரவில்லை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நீ நல்ல ஆசிரியை ஆவாய் என்று சொல்லி அனுப்பினாராம்.

நேற்று கடிதம் வந்துவிட்டது. டோரிஸுக்கு இடம் கிடைத்தது. படிப்புச் சம்பளமும் விடுதிச் செலவும் கல்லூரியே ஏற்கும். வேலாயுதத்துக்கும் கிடைத்திருக்கிறது. நாகையா அண்ணன் வீட்டில் கேசரி கிண்டி வரிசை முழுக்கக் கொடுத்தார்கள். டோரிஸ் புஷ்பவல்லியைத் தூக்கிச் சுற்றப்போய் இருவரும் வாசலில் விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்து சிரித்தார்கள். பிள்ளை அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

இன்று காலை காஜாங்குக்கு நானே போய் டொமினிக் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மூன்று வருஷம் காத்திருக்க முடியாது என்றார்கள். வருத்தம்தான், ஆனால் காப்பி கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள்.

ஜூன் ஆறாம் தேதி காலை வண்டியில் புஷ்பவல்லியோடு டோரிஸ் புறப்படுகிறாள். அப்பா எழுதினாரா என்று அவள் என்னைக் கேட்பதில்லை. ஆனால் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறாள்.

லீவு கேட்டு ஒரு நாள் முன்னதாக வாருங்கள். கோபம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். வீட்டில் என்னிடம் காட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பிளாட்பாரத்தில் மட்டும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டு, சிரித்த முகமாய் வண்டியேற்றிவிடுங்கள். அதை நான் ஒருத்தி செய்தால் அவளுக்குப் போதாது.

மாதா உங்களை வழியில் காக்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மகதலேனா