பக்கத்துக் கல்லூரி மாடு

குட்டிம்மா,

நீ நன்றாகத் தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

“கால்நடை மருத்துவம்தானே, வீட்டுப் பக்கத்துலயே படி”ன்னு நேற்று கத்தினேன் இல்லையா? காலையில் பால் வாங்குகிற சாக்கில் அந்தக் கல்லூரிக்கே போனேன். “பிள்ளைங்க தொட்டுப் பாக்க எத்தனை மாடு இருக்கு?” என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

“ஒண்ணே ஒண்ணுதான் சார். அதுவும் ஆளைக் கண்டா உதைக்கும்.”

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். நீ சொன்ன தூரத்துக் கல்லூரிக்கே விண்ணப்பம் போடு. கையெழுத்துப் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா

பி.கு: பூனைக்கு மாத்திரை கொடுக்கப் போய்க் கையெல்லாம் கீறல். நீயே கொடுத்துவிடு. நீ கல்லூரிக்குப் போவதற்குள் எனக்கும் அதைக் கற்றுக்கொடு.