மெல்லிய தடியில் ஏறிய கொடுவா

கடல் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய என் மச்சான் சம்சுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ படுத்திருக்கும் இடத்தை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். துஆவெல்லாம் முறையாகக் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன், எனக்குப் பொறுக்கவில்லை. மச்சான், நான் கொடுவா பிடித்துவிட்டேன்!

ஓம், நானேதான். "எங்கட மாப்பிள்ள மீனக் கறிச்சட்டிக்குள்ளதான் கண்டிரிக்காரு" என்று சாய்ந்தமருதுக் கடற்கரை முழுக்க நீ சொல்லித் திரிந்த மருதமுனைத் தறிக்காரன்தான். கல்முனைக் கடையில் நீ பார்த்துப் பார்த்துச் சிரித்தாயே, அந்த மெல்லிய தூண்டில் தடியால்தான் பிடித்தேன். இப்போது எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வாய்?

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்கிறேன். நீ போன பிறகு உன் உம்மா மீன் தின்பதை விட்டுவிட்டார். தங்கச்சிக்கு வீடு கட்டிக் கொடுத்து, என்னைப் பார்த்துப் பேசிக் கலியாணம் முடித்துவைத்து, அந்த மும்முரத்தில் உன் கலியாணத்தையே மறந்துபோனவன் நீ. கடைசி வரைக்கும் உம்மாவோடும் எங்களோடும்தான் இருந்தாய். நீ இருந்தவரை இந்த வீட்டுக்குள் காசு கொடுத்து வாங்கிய மீன் நுழைந்ததில்லை. இப்போது சைக்கிளில் கூவி வருகிறவனிடம் உன் தங்கச்சி ஸபியா வாங்கி ஆக்குகிறாள். மாமி வெறும் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிட்டு, துண்டை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்.

"உம்மா, ஒரு துண்டு தின்னுங்களேன்" என்று ஸபியா கெஞ்சுவாள்.

"கடையில வாங்கின மீன் எனக்கு இறங்காது மகள். வீட்டு மீனாயிரிந்தா தின்னுவன்" என்பார் மாமி.

வீட்டு மீனுக்கு எங்கே போவது? வீட்டில் மிஞ்சிய ஒரே ஆம்பிளை நான். எனக்குத் தோணியும் தெரியாது, வலையும் தெரியாது. இருந்தது அந்தத் தடி மட்டும்தான். மாமி மெலிந்துகொண்டே போனதைப் பார்க்க, உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது மச்சான்.

அந்தத் தடி வாங்கப் போன நாள் உனக்கு மறந்திருக்காது. கைத்தூண்டில் போட்டுப் பார்த்து என் உள்ளங்கையைத் தங்கூசி நூல் கிழித்து, தறியில் உட்கார முடியாமல் நான் கிடந்ததற்குப் பிறகுதானே அந்த யோசனையே வந்தது. கொழும்பிலிருந்து எல்லாச் சாமானும் வரத் தொடங்கிய காலம். கல்முனை பஸாரில் குடைக்கும் விளக்குமாற்றுக்கும் பக்கத்தில் தூண்டில் தடிகளும் கட்டாக நின்றன. நீ எனக்குத் துணையாக வரவில்லை, கேலி பண்ணத்தான் வந்தாய்.

உனக்கு ஏற்கெனவே நூல் சுற்றுகிற றீல் என்றாலே ஆகாது. சவூதியிலிருந்து வந்த உன் கூட்டாளி அன்பளிப்பாகத் தந்த றீலில், மீன் இழுக்கும்போது நூல் தானாகக் கழன்று ஓடுகிறது என்று, அதன் முன்பக்கத் திருகைக் குறடு வைத்து இறுக்கினவன் அல்லவா நீ! வழுக்குகிற றீல் பழுதான றீல் என்று நினைத்துவிட்டாய். உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கைத்தூண்டில்காரர் எல்லாருக்கும் அதே எண்ணம்தான். ஒரு முழம் நூல் மீனுக்கு விட்டுக் கொடுத்தாலே மானம் போய்விடும் உங்களுக்கு. அந்த வருஷம், ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் பெரிய கொடுவா ஒன்று கடித்தது, நீயும் விடவில்லை, அதுவும் விடவில்லை, தங்கூசி படாரென்று அறுந்தது. அந்த றீல் பூட்டிய தடியைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் கதைக்காமல் இருந்தாய்.

கடையில் நீ முதலில் எடுத்தது இருந்ததிலேயே தடித்த தடி. அதை வளைக்க எனக்குப் பலம் போதவில்லை. "இது மீன் புடிக்கவா மச்சான், மாடு கட்டவா?" என்று கேட்டேன். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் சிரித்தார். நீ முறைத்தாய்.

நான் எடுத்தது என் தோளுக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து நின்ற மெல்லிய தடி. நுனி இளகி வளைந்தது, அடி விறைப்பாக நின்றது. நுனி இளகினால்தான் இரை தூரம் போகும், அடி விறைத்தால்தான் பெரிய மீனைத் திருப்பலாம் என்று எனக்குப் பட்டது. கைபிடிக்குப் பக்கத்து வளையம் அகலமாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். இந்த வகை றீலில் நூல் சுருள் சுருளாகக் கழன்று வருகிறது, முதல் வளையம் ஒடுங்கியிருந்தால் அங்கேயே தட்டுப்பட்டு நிற்கும்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மெல்லிய பருத்தி நூல் ஒன்றை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளாலும் இழுத்துப் பார்த்தேன். முதல் தடியின் மூன்றாவது வளையத்தில் நூல் பிசிறியது. கண்ணுக்குத் தெரியாத கீறல். அங்கே பருத்தி பிசிறினால் தங்கூசியும் ஒருநாள் அறும். அதை வைத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றை எடுத்தேன். "சீல வாங்க வந்தியா, தூண்டில் வாங்க வந்தியா?" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

றீலிலும் அப்படித்தான். பெரிதைப் பூட்டினால் தடி கைக்குள் குப்புற விழுந்தது. நடுத்தரமானதைப் பூட்டி, கைபிடியில் ஒரு விரலை வைத்துத் தூக்கினேன், ஆடாமல் நின்றது. அதற்குப் பிறகுதான் உன்னை மீனாக்கினேன். தங்கூசியின் நுனியை உன் கையில் தந்து, "இழுத்துக்கிட்டு ஓடு மச்சான்" என்றேன்.

நீயும் ஓடினாயே! கடையை விட்டு இறங்கி, றோட்டைக் கடந்து, பிடவைக் கடை வாசல் வரைக்கும். சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்த்தார்கள். நான் திருகைக் கொஞ்சம் இறுக்க நீ திணறினாய், கொஞ்சம் தளர்த்த நீ முன்னால் போய் விழப்பார்த்தாய். றீல் ஒரு இடத்திலும் குலுங்காமல் ஒரே சீராக நூலை விட்டது. தறியில் பாவு நூல் அப்படித்தான் வர வேண்டும். அதை அளவுக்கு மேல் இறுக்கினவன் அன்றைக்கு நெய்ய மாட்டான், அறுந்த நூலை முடிந்துகொண்டுதான் இருப்பான்.

"இது வழுக்குது. பழுது" என்று மூச்சு வாங்க வந்து சொன்னாய்.

"பழுதில்ல மச்சான். அதுக்கு வேலையே அதுதான்."

"நூல விட்டிட்டுப் புடிக்கிற மீன எந்த ஊருல கண்ட நீ?"

ஆனாலும் திரும்பி வரும்போது, "நுனியில ஒரு முழம் தடிச்ச தங்கூசி போட்டுக்க. கொடுவாட செவிள் ஓரம் பொல்லாத கூர், மெல்லிசு தாங்காது" என்று சொன்னாய். கேலி பண்ண வந்தவனுக்கு அவ்வளவு அக்கறை எதற்கு? அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாளில், நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழும்பவில்லை. தடி சுவரில் ஆணியில் தொங்கியது.

மாரி வந்தது. விடாத மழை. வயலெல்லாம் வெள்ளம் நின்று, நெற்பயிர் மூழ்கப் போகிறது என்று வயல் சொந்தக்காரப் போடியார்மார் பள்ளிவாசலில் வந்து நின்றார்கள். ஊர் கூடி முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திடலை வெட்டியது. மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் அளவுக்குக் கீறிவிட்டார்கள், பின்னேர அஸர் நேரத்துக்குள் ஆறாகிவிட்டது. காவித் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது. மறுநாள் கடல் ஏறி, வெள்ளமும் உப்புத் தண்ணீரும் ஒன்றோடொன்று முட்டி நின்ற நேரத்தில் கைத்தூண்டில்காரர் எல்லாரும் கரையில் வரிசையாக நின்றார்கள். நானும் தடியோடு போனேன்.

"மாப்பிள்ள தறியக் கழட்டி எடுத்துக்கிட்டு வந்திரிக்காரு!" என்றார் கபூர் காக்கா. உன்னோடு தோணியில் போன அதே கபூர் காக்காதான். எல்லாரும் சிரித்தார்கள். உன் சிரிப்பு மட்டும்தான் அதில் இல்லை.

உயிர் இறால் ஒன்றைக் கோர்த்தேன். அவர்களுடைய கைத்தூண்டில் எட்டாத இடம் ஒன்று அக்கரை ஓரத்தில் இருந்தது. வெட்டிய மணல் சரிந்து, தண்ணீர் ஓடாமல் சுழன்று நின்ற மூலை. கொடுவா ஒன்று ஓட்டத்தில் மினக்கெடாமல் அங்கே நின்று வாய்க்கு வருவதைத் தின்னும் என்று நினைத்தேன். பிஸ்மி சொல்லி வீசினேன். முதல் வீச்சு பிழைத்தது. இரண்டாவது போய் அந்த மூலையில் விழுந்தது.

கடித்தது மச்சான்! தடி கைபிடி வரைக்கும் வளைந்தது, றீல் கிர்ரென்று கத்தத் தொடங்கியது. நூல் ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கிற மாதிரி இல்லை. கரை முழுக்க ஒரே கூச்சல். "இறுக்கு! இறுக்கு!", "நூல விடாதடா!", "மீனக் கொண்டுபோய்க் கடலுக்க விடுறான் பாரு!" கபூர் காக்கா தண்ணீருக்குள் பாய்ந்து, கைத்தூண்டிலில் பழகிய பழக்கத்தில், தங்கூசியைக் கையால் பிடித்து இழுக்கப் போனார்.

"கைய எடுங்க காக்கா!"

கத்தினது நான்தான். இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவர் சுட்டதுபோலக் கையை எடுத்தார்.

நான் திருகைத் தொடவில்லை. மீன் கேட்ட நேரமெல்லாம் கொடுத்தேன், அது களைத்த நேரமெல்லாம் சுற்றினேன். ஒரு தடவை முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறியது. வெள்ளிச் செதிலும் அந்தப் பெரிய வாயும்! தடியின் நுனியைத் தாழ்த்தினேன். உன் ஒரு முழத் தடித்த தங்கூசி தாங்கியது. அது மட்டும் இல்லாவிட்டால் அந்த உதறலிலேயே போயிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். வெற்றியில் உனக்கும் ஒரு பங்கு இருக்கிறது, பெரிய பங்கு என்று நினைத்துவிடாதே.

கடைசியில் ஒரு அலையோடு சேர்த்துக் கரைக்கு ஏற்றினேன். கபூர் காக்கா தோளில் கிடந்த துவாயைச் செவிளுக்குள் கொடுத்துத் தூக்கினார். வால் அவருடைய முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பிறகு, "அந்தத் திருகு எப்பிடித் திருப்புற? ஒருக்காக் காட்டு பாப்பம்" என்றார். மச்சான், அந்த ஒரு கேள்விக்காக இன்னொரு மாரி முழுக்க நனையலாம்!

வீட்டுக்கு நேர்வழி இருக்கிறது. நான் அதால் வரவில்லை. மீனைச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டு, சந்தைப் பக்கமாக, பள்ளிவாசல் பக்கமாக, என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொருத்தனுடைய வாசல் கடப்படி வழியாகவும் உருட்டிக்கொண்டு வந்தேன். பெருமை அடிக்கக் கூடாதுதான். அன்றைக்கு மட்டும் அல்லாஹ் மன்னிப்பான்.

இனிச் சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதமே. மருமகனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பது நம் பக்கத்தில் வழக்கமில்லையே. நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து உன் உம்மா என்னோடு கதைத்ததெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று, ஸபியாவின் வாயால்தான். "மருமகனுக்குத் தண்ணி வேணுமாண்டு கேளு மகள்" என்பார், நான் அவர் காதுபடத்தான் உட்கார்ந்திருப்பேன். சோறும் முதலில் எனக்குத்தான். விருந்தாளிக்கு வைப்பதுபோல நடுத்துண்டு எனக்கு வரும்.

அன்றைக்கு மீனைக் குசினி வாசலில் போட்ட சத்தத்துக்கு மாமி வெளியே வந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, செவிளைத் தூக்கிப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இழுத்தியா, விட்டுப் புடிச்சியா?"

"விட்டுத்தான் மாமி" என்றேன்.

"அவன் இரிந்தா என்ன சொல்லிரிப்பான்?"

"அது பைத்தியக்கார மீன், அதான் உனக்கிட்ட மாட்டிச்செண்டு சொல்லிரிப்பான்."

மாமி வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. ஸபியாவும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு மாமி முகத்தைத் துடைத்துவிட்டு, தானே அரிவாளை எடுத்து மீனை வெட்டினார்.

சோற்று நேரம் வந்தது. வழக்கம்போல நான் முதல் ஆளாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மாமி சட்டியோடு வந்து என்னைப் பார்த்து, "எழும்பு மகன். மீன் கொண்டு வந்தவன், வீட்டாக்கள் திண்ட பொறகுதான் தின்னணும்" என்றார்.

நீயும் எப்போதும் கடைசியாகத்தானே தின்பாய்? பசி இல்லாத மனுஷன் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். இது இந்த வீட்டுச் சட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா நீ?

எழும்பிப் போய்ச் சுவரோரம் நின்றேன். உன் உம்மா நடுத்துண்டைத் தன் கோப்பையில் போட்டு, முள்ளை விலக்கி விலக்கி, முழுதாகத் தின்றார். இன்னொரு துண்டும் கேட்டு எடுத்தார். எனக்கு மிஞ்சியது வாலும் சட்டியில் ஒட்டிய ஆணமும். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக நான் சோறு தின்றதில்லை.

உன்னை வென்றதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் நீ பக்கத்தில் இருந்து தோற்றிருக்கக் கூடாதா மச்சான்? இல்லை என்று வாதாடி, பொய் சொல்லி, கபூர் காக்காவைச் சாட்சிக்கு இழுத்து, என்னோடு ஒரு வாரம் சண்டை பிடித்திருக்கக் கூடாதா?

சரி, விடு. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள். உம்மா மீன் துண்டை ஓரமாக ஒதுக்குகிற நாள் இனி இந்த வீட்டில் வராது. எல்லாரும் தின்று எழும்பும் வரைக்கும் சுவரோரம் ஒருத்தன் பசியோடு நிற்பான்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் உம்மா "மகன்" என்று கூப்பிட்ட உன் மச்சான்,
அலியார்