வழி மறக்காத மனுஷன்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார் என் வீட்டுக்காரர். பாத்திரம் கரிக்கட்டை. கத்தினேன். "நான் வைக்கவே இல்லையே" என்கிறார், அதுவும் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்துக்கொண்டு. மறதி நோய், இனிக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார். ஐம்பத்தாறு வயசு. இது இதற்கான வயசா?

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் பண்ணினாள். "நீ வேலைக்குப் போயிட்டா அவர யாருடி பாத்துப்பா? காணாம போனா ஊரெல்லாம் தேடுவியா? பேசாம ஏதாவது ஒரு இல்லத்துல சேர்த்துடு."

சேர்த்துவிட வேண்டுமாம்! பார்சலா அவர்? பட்டென்று போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? பல் கிளினிக்கில் வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறேன், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு.

மார்ச் 6, வெள்ளி

முடிவு பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போகிறோம்.

கல்யாணமான புதிதிலிருந்து நாங்கள் நடக்கும் அதே புல்மேடுகள். ஒன்றைப் போலவே இன்னொன்று, ஏறி இறங்கி ஏறி இறங்கி. புதிதாக வருகிறவர்கள் திண்டாடிப் போவார்கள். நிலம் அளந்தே காலம் தள்ளிய இந்த மனுஷனுக்கு மட்டும் எல்லாம் தண்ணிபட்ட பாடு. வழியைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. அவராகவே போய் அவராகவே திரும்பிவிட்டால் வீட்டில் தனியாக விடலாம். அக்கா வாயையும் அடைக்கலாம்.

நான் வாயைத் திறக்காமல் இருப்பதா! அதுதான் பெரிய பரீட்சை.

மார்ச் 8, ஞாயிறு

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வழி பிரிகிற எந்த இடத்திலும் அவர் தயங்கவில்லை. "அங்க கால வைக்காத, அடியில சேறு" என்றார். குச்சியால் குத்திப் பார்த்தேன், சேறுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரொட்டியும் முட்டையும் சாப்பிடும்போது, "என்னடி, இன்னைக்கு வாய்க்கு லீவா?" என்று கேட்டார். பழைய மனுஷனேதான்.

அப்புறம் என் செருப்பில் கல். நின்றேன். அவர் போய்க்கொண்டிருந்தார். அது எங்கள் வழக்கம்தான். அவர் முன்னால் போவார், திரும்பிப் பார்க்க மாட்டார், அடுத்த உச்சியில் எனக்காக நிற்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நிற்காமல் இருந்ததில்லை.

உச்சியில் யாரும் இல்லை.

அடுத்த மேட்டுக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. பனி இறங்கிவிட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. போனில் சிக்னல் இல்லை. அந்தச் சேறு — அதில் இறங்கியிருந்தால்? படுபாவி நான், பரீட்சை வைத்தேனே! உன்னை யாருடி வைக்கச் சொன்னது? ஆடு மேய்க்கிறவர் ஒருவர் கூட வந்து சேற்றுப் பக்கமெல்லாம் குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் நான் செத்தேன்.

கீழே இறங்கி சாலைக்கு வந்த பிறகுதான் போன் உயிர்பெற்றது. போலீசைக் கூப்பிடப் போனவள், முதலில் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "உங்க வீட்டுக்காரரா? அவர் வந்து ரொம்ப நேரமாச்சே!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் கழுவி, செருப்பைக் கழுவிக் காயப்போட்டு, பேப்பர் படித்துக்கொண்டு. இரண்டு பஸ் மாறி வீடு வந்திருக்கிறார். ஒரு திருப்பம் தப்பவில்லை.

"எங்க போயிருந்த? மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி இருக்கு?"

"நாம மலைக்குப் போனோமே..."

"நான்தான் போனேன். நீதான் கிளினிக்குக்குப் போயிட்டியே."

வழியை மறக்கவில்லை. என்னைத்தான் மறந்துவிட்டார்.

மார்ச் 9, திங்கள்

லீவு போட்டேன். மேட்டுக்குப் போய் வந்ததைப் போனில் சொன்னதும் அக்கா கேட்டாள்: "என்னடி, வழியெல்லாம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது" என்றேன்.

மார்ச் 11, புதன்

அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. சோற்றைத் தட்டில் ணங்கென்று வைத்தேன். "உப்பு சரியா இருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கிளினிக்கில் அரைநாள் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். மீதி நேரம் கீழ்வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறார். இல்லத்துப் பேச்சை இப்போதைக்கு எடுக்காதே என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

இன்று மேட்டுக்குப் போனோம். அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். அவரும் உதறவில்லை. முதல் உச்சியில் நின்றார். வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"குளிருது, வாங்க போலாம்" என்றேன்.

"நீங்க வேணா போங்கம்மா" என்றார். "என் பொண்டாட்டி பின்னால வந்துட்டிருக்கா. மெதுவாத்தான் வருவா. அவள விட்டுட்டு எப்படிப் போறது?"

சரி என்று நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.