காசல்றீ இறக்கத்தில் விழுந்தது

அன்புள்ள றுக்கியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளையும் சுகந்தானே? உம்மாவின் இருமல் குறைந்ததா?

போன் உடைந்துவிட்டது, அதனால்தான் கடிதம். பயப்படாதே. வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டிக்கொண்டு, காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மழை ஈரம். இறக்கத்தில் அவர்களில் பின்னால் வந்த ஒரு வயதானவர், பிரேக் பிடிக்கவில்லையென்று கத்தினார். அடுத்த வளைவுக்குக் கீழே ஆழமான தண்ணீர். நான் என் சைக்கிளைக் குறுக்கே திருப்பினேன். அவர் என்மேல் விழுந்தார், அவ்வளவுதான். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது முறிந்த கை என்று அவருக்குத் தெரியாது.

இப்போது கட்டுப் போட்டிருக்கிறார்கள். "முனீப், கை சுகமாகும் வரைக்கும் ஊருல போய் நில்லுங்க" என்றார் முதலாளி. ஓம் என்றேன். ஆனால் ஒரு கையோடு பையையும் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வர ஏலாது.

இங்கே எங்கே திரும்பினாலும் ஏற்றம். நம் ஊர் குறிஞ்சாக்கேணியில் ஒரு மேடுகூட இல்லையே என்று நினைத்தபடி கிடக்கிறேன். காற்சட்டைப் பொத்தானைப் பூட்ட ஏலவில்லை, இடுப்பில் கட்ட ஒரு சாரம் வேண்டும். கொஞ்சம் கருவாடும்.

இங்கே வரும் லொறியில் யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, றுக்கியா. நீயே கொண்டு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு போ.

முனீப்