கிளினிக் வாங்கில்

புதன் இரவு.

கிணற்றடிக்குத் தனியே போக, என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் சுகர் பார்க்க என்று சொன்னேன்.

மனநலக் கிளினிக்கின் முன்னால் உள்ள நீட்டு மர வாங்கிலில் கரவெட்டி மச்சாள், அண்ணையின் மனைவி, உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

“நீர் என்ன இஞ்சாலை?”

“சுகர் பாக்க வந்தனான். நீங்கள்?”

“மருந்தெடுக்க வந்தனான். கால் உளையுது எண்டு சும்மா இதிலை இருந்தனான்.”

அதற்குப் பிறகு இருவராலும் அங்கே நிற்க முடியவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறி, வழி முழுக்கக் கத்தரிக்குப் பூச்சி பிடித்ததைப் பற்றிக் கதைத்தோம். மச்சாள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பின்னேரம் என் கணவர் வேலை முடிந்து வந்து கேட்டார்.

“சுகர் எப்பிடியாம்?”

“ஒண்டுமில்லையாம்.”

“நான் அப்பவே சொன்னனான்” என்று கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

படுத்த பிறகுதான் உறைத்தது. கால் உளைந்தால் இருக்க, வாசலிலேயே எத்தனை வாங்கில்கள் வெறுமையாகக் கிடந்தன. மச்சாள் அவ்வளவு தூரம் உள்ளே வந்து, தன்னைக் கூப்பிடும்வரை காத்திருந்திருக்கிறார். நான் போய் அவரை எழுப்பிவிட்டேன்.

விடிந்ததும் ஃபோன் எடுக்க வேண்டும். எடுத்து என்னவென்று தொடங்குவது?

மச்சாள் வீட்டிலும் கிணறு இருக்கிறது.